ஊசிக்கு முன் ஒரு நிமிடம்

இலங்கையில் தடுப்பூசி போடாத குழந்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மழை மூன்று நாளாக விடாமல் அடித்தாலும், தேயிலைத் தோட்டத்துப் பாதை சேறாகிக் கிடந்தாலும், கிளினிக் நாளன்று தாய்மார் பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள். இரண்டு மாதம், நான்கு மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம், ஒரு வயது, ஒன்றரை வயது, மூன்று வயது. நமது சுகாதாரத் துறையை எதற்காகத் திட்டினாலும் இதற்காகத் திட்ட எனக்கு வாய் வராது. வந்த பிள்ளைக்கு எடை பார்க்கிறார்கள், கொப்பியில் புள்ளி வைக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து சொல்லி அனுப்புகிறார்கள்.

இந்த வயதுகளை ஒரு சிறுவர் புற்றுநோய் வைத்தியரிடம் சொன்னால் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்கிற ஈரல் புற்றுக்கட்டி வருகிற வயதும் இதுதான். சிறு பிள்ளைகளின் ஈரலில் தோன்றும் புற்றுகளில் பெரும்பாலானது இந்த வகை. மூன்று வயதுக்குள் வருவதே அதிகம்; ஐந்து வயதைத் தாண்டி வருவது அபூர்வம். ஆக, கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் காலத்திலேயே அந்தப் பிள்ளை அரசாங்கத்தின் கைக்கெட்டும் தூரத்துக்கு ஐந்தாறு தடவை வந்து திரும்பிப் போகிறது. எடை பார்க்கிற கை வயிற்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் என்ன? நுவரெலியா மாவட்டத்தை வைத்து இதைத்தான் கேட்க வருகிறேன்.

வீண் பயம் வேண்டாம் என்பதால் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதுக்குட்பட்ட பத்து இலட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ இந்தக் கட்டி வருகிறது என்பது உலகளாவிய மதிப்பு. இலங்கையில் அந்த வயதினர் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் என்று வைத்தால் ஆண்டுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள். நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் ஏழு இலட்சத்துப் பதினோராயிரம் சொச்சம். அதே விகிதத்தில் பார்த்தால் இங்கே மூன்று முதல் ஆறு ஆண்டுக்கு ஒரு பிள்ளை. ஒரு குடும்ப நல உத்தியோகத்தர் தமது சேவைக் காலம் முழுவதும் இப்படியொரு கட்டியைக் காணாமலே ஓய்வு பெறலாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் சிறுவர் புற்றுநோய்க்கென ஒரு முன்னெடுப்பைத் தொடங்கியபோது ஆறு வகைப் புற்றுகளை முன்னிறுத்தியது. ஈரல் கட்டி அதில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு ஒன்று வருகிற நோய்க்காக எல்லாப் பிள்ளையின் வயிற்றையும் தடவிப் பார்க்க வேண்டுமா? நியாயமான கேள்விதான். ஆனால் வயிற்றில் வைக்கிற கை ஒரே நோயைத் தேடுவதில்லை. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி, சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பியில் தொடங்கும் நியூரோபிளாஸ்டோமா, தலசீமியாவில் வீங்கும் மண்ணீரல், இரத்தப் புற்றில் பெருக்கும் ஈரல், பித்தக்குழாய் அடைபட்ட சிசுவின் கல்போன்ற ஈரல், எல்லாம் அந்த ஒரு சாண் இடத்துக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. தனித்தனியாக அபூர்வமானவை, சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு அபூர்வமில்லை.

இங்கே ஆர்வக்கோளாறுக்காரர்களுக்கும் ஒரு சொல். "கை என்ன கை, எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாம், இரத்தம் சோதித்துவிடலாம்" என்பார்கள். ஜப்பான் அதைச் செய்து பார்த்த நாடு. நியூரோபிளாஸ்டோமாவைக் கண்டுபிடிக்க 1984இல் நாடு முழுவதும் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். கட்டிகள் ஏராளமாக அகப்பட்டன. சாவு மட்டும் குறையவில்லை. அகப்பட்டவற்றில் பல, விட்டுவைத்திருந்தால் தாமாகவே சுருங்கிப் போயிருக்கக்கூடியவை. அவற்றுக்காகக் குழந்தைகள் கத்தியையும் மருந்தையும் தாங்க வேண்டியிருந்தது. கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் இதையே உறுதிசெய்ய, 2004இல் ஜப்பான் திட்டத்தை நிறுத்தியது. தேடுவதிலும் ஒரு அளவு வேண்டும். நல்ல வைத்தியர் எந்தப் பிள்ளைக்கும் செய்யும் சாதாரணப் பரிசோதனையைச் செய்யுங்கள் என்பதற்கு மேல் நான் கேட்கவில்லை. தோட்டப் பிள்ளைக்கு அந்தச் சாதாரணம் கிடைக்கிறதா என்பதே என் சந்தேகம்.

ஒரு கிளினிக்கை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். காலை ஒன்பது மணி, வெளியே பனி, உள்ளே ஈரத் துணி வாசம். பிள்ளைக்குப் பனியன், அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் இன்னொரு கம்பளிச் சட்டை, தலையில் தொப்பி, இடுப்பிலிருந்து பாதம்வரை துவாய். ஊசி தொடையில், ஆகவே தொடை மட்டும் வெளிவருகிறது. நுவரெலியாக் குளிரில் வயிற்றைத் திறந்துகாட்டத் தாய்க்கும் மனமில்லை, திறக்கச் சொல்ல உத்தியோகத்தருக்கும் நேரமில்லை. அறுபது பிள்ளை காத்திருக்கிறது. கொழும்பில் அரைக்கைச் சட்டையோடு வருகிற பிள்ளையின் தொப்பை கண்ணிலேயே தெரியும். இங்கே அதையும் கம்பளி மறைத்துவிடுகிறது.

செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. ஆனால் ஊசிக்கு முன் செய்ய வேண்டும். ஊசி ஏறிய பிறகு பிள்ளை கதறும், வயிறு பலகையாகிவிடும், எந்தக் கைக்கும் எதுவும் தட்டுப்படாது. தாயின் மடியில் மல்லாக்கப் போட்டு, கால்களை மடக்கி, வாயில் மார்பையோ விரலையோ கொடுத்து, சூடாகத் தேய்த்த உள்ளங்கையை வலப்பக்க அடிவயிற்றில் வைத்து, அங்கிருந்து விலாவை நோக்கி மெல்ல மேலே வர வேண்டும். விலாவடியிலிருந்து தொடங்கினால் பெருத்த ஈரலின் மேலேயே கை உட்கார்ந்திருக்கும். அதன் ஓரம் எங்கே முடிகிறது என்பது தெரியாமலே போகும். பச்சைக் குழந்தையின் ஈரல் விலாவுக்குக் கீழே ஒன்று இரண்டு சென்றிமீற்றர் தட்டுப்படுவது இயல்பு. அதற்கும் கீழே வந்தாலோ, கரடுமுரடாகவோ ஒரு பக்கம் மட்டும் புடைத்தோ இருந்தாலோ கவனிக்க வேண்டும்.

எடைத் தராசை மட்டும் நம்புவதில் ஒரு மோசமும் இருக்கிறது. கட்டிக்கும் எடை உண்டு. பிள்ளையின் கை கால் மெலிய மெலிய, வயிற்றில் வளர்வது அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். கொப்பியில் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும். "எடை நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுவோம்.

உண்மையைச் சொன்னால், உலகில் பெரும்பாலான இடங்களில் இந்தக் கட்டியை முதலில் கண்டுபிடிப்பவர் வைத்தியர் அல்லர். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர், உடுப்பு மாற்றுகிறவர். நம் லயங்களில் அது அம்மாயி, அப்பாயி. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, நல்லெண்ணெய் தடவி, சுடுதண்ணீர் ஊற்றி உருவிவிடுகிற அந்தக் கிழவியின் கைக்குத் தெரியாத வளைவு பிள்ளையின் உடம்பில் கிடையாது. வேலைக்குப் போன தாயைவிட, பிள்ளைக் காம்பராவில் பகலெல்லாம் வைத்திருக்கும் ஆயாவைவிட அந்தக் கை முன்னதாக அறியும்.

அறிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் சிக்கல். வயிறு உப்பினால் பூச்சி. சாப்பாடு இறங்காவிட்டால் மாந்தம். அழுதுகொண்டே இருந்தால் உரம் விழுந்துவிட்டது, குடலேறிவிட்டது. உடனே எண்ணெய் தொட்டு வயிற்றை நீவிவிட ஒருவர் லயத்துக்கு லயம் இருப்பார். சாதாரண வயிற்றுப் பொருமலுக்கு நீவினால் கெடுதி இல்லை. ஈரல் கட்டி இரத்தம் நிறைந்தது. அழுத்தி நீவினால் வெடித்து உள்ளே இரத்தம் கொட்டலாம். கட்டி தட்டுப்பட்ட பிள்ளையின் வயிற்றை வைத்தியர்களேகூடத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்க மாட்டார்கள். வயிற்றில் கல்போல ஏதாவது பட்டால் நீவாதே, தூக்கிக்கொண்டு ஓடு என்ற ஒரு வரியை நம் பாட்டிமார் காதில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாட்டிமாரைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையின் ஈரலைப் பற்றிக் கவலைப்படுவது தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. சென்னையிலிருந்து வந்த ஜம்மி லிவர் க்யூர் குப்பி ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்களில் அறியப்பட்ட பொருள். அன்று இந்தியாவில் சிறு பிள்ளைகளின் ஈரல் வீங்கி இறுகி உயிரைக் குடித்த நோய் ஒன்று இருந்தது. 1980களில் புனே வைத்தியர்களும் இங்கிலாந்தைச் சேர்ந்த டானர் என்ற வைத்தியரும் சேர்ந்து ஆராய்ந்ததில், பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சுவதால் பிள்ளையின் ஈரலில் செம்பு சேர்வதே காரணமாகத் தெரிந்தது. வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வந்தது. நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. மருந்துக் குப்பியால் முடியாததைப் பால் பாத்திரம் செய்தது. ஹெப்பட்டோபிளாஸ்டோமாவுக்கு அப்படி விலக்கினால் நோயே மறைந்துவிடும் ஒரு பாத்திரம் கிடையாது. தாய் எதையோ சாப்பிட்டதால் வந்தது, கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று அவள்மீது பழி போடுகிறவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம்.

தடுக்கக்கூடிய ஈரல் புற்று வேறொன்று உண்டு. ஹெப்பட்டைற்றிஸ் பி வைரஸால் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வருவது. தைவான் 1984இல் சிசுக்களுக்கு அந்த வைரஸுக்கான தடுப்பூசியைத் தொடங்கி, சில ஆண்டுகளில் பிள்ளைகளின் ஈரல் புற்றைக் குறைத்துக் காட்டியது. இலங்கை 2003இல் அதைச் சேர்த்துக்கொண்டது. கிளினிக்கில் போடும் அந்த ஊசிக்குள்ளேயே ஒரு புற்றுநோய்த் தடுப்பு இருக்கிறது என்பது ஊசி போட வரும் தாய்க்குச் சொல்லப்படுவதில்லை. சொன்னால் இன்னும் பெருமையாக வருவாள்.

இனி, பிறப்பதற்கு முன்.

கருவிலேயே ஈரல் கட்டியைக் காண முடியுமா? முடியும், சில வேளைகளில். ஸ்கேன் என்று நாம் சொல்லும் ஒலியலைக் கருவி மகப்பேற்று வைத்தியத்துக்கு வந்த வரலாறே வயிற்றுக் கட்டியில்தான் தொடங்குகிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று நிபுணர், உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைப் பெண்களின் வயிற்றில் வைத்துப் பார்த்து, 1958இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே வயிற்றுக் கட்டிகள்தான் இருந்தன. (நம் அக்கரப்பத்தனையிலும் கிளாஸ்கோ என்று ஒரு தோட்டம் இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்காரர்கள் பெயரைக் கொண்டுவந்து நட்ட வேகத்தில் கருவியைக் கொண்டுவரவில்லை.)

கர்ப்பிணிகளுக்குப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இதயம், முதுகுத்தண்டு, உதடு, கை கால் எல்லாம் பார்க்கிறார்கள். அது தெளிவாக இருந்தால் "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்று தாய் நிம்மதியாகிவிடுகிறாள். ஈரல் கட்டி அந்த நேரத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. அது தலைகாட்டுவது கடைசி மூன்று மாதத்தில். ஏழாம், எட்டாம் மாதத்தில் பிள்ளை வளர்கிறதா, தலை திரும்பியிருக்கிறதா, நீர் போதுமா என்று பார்க்கும் ஸ்கேனில்தான் அது அகப்படும். பார்ப்பவர் கருவியைச் சற்று மேலே நகர்த்திப் பிள்ளையின் வயிற்றையும் நோக்கினால். பனிக்குட நீர் காரணமில்லாமல் அதிகமாக இருப்பது, பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு மட்டும் தனியே ஏறியிருப்பது, இதயம் பெரிதாகத் தெரிவது, உடம்பில் நீர் கோர்ப்பது ஆகியவை நின்று பார்க்கச் சொல்லும் அடையாளங்கள்.

கருவில் காணும் ஈரல் கட்டிகளில் அதிகமானவை புற்று அல்ல. இரத்தக் குழாய்கள் பின்னி உருண்ட ஹேமஞ்சியோமா முதலிடம். நீர்ப்பைகள் நிறைந்த மெசன்கைமல் ஹமார்ட்டோமா அடுத்தது. ஹெப்பட்டோபிளாஸ்டோமா அதற்குப் பின்னால். ஹேமஞ்சியோமாவில் ஒரு வகை, பிறந்து ஓராண்டு சுமாருக்குள் தானே வற்றிப்போகும். இன்னொரு வகை பிறந்தபின் வளரும். அதற்கு புரொப்ரனலோல் என்ற பழைய இதய மருந்து கேட்கும் என்பது 2008இல் பிரான்சின் போர்தோவில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. வேறொரு காரணத்துக்காக அந்த மருந்தைக் கொடுத்த ஒரு பிள்ளையின் முகத்துக் கட்டி வற்றத் தொடங்கியதைக் கண்ட வைத்தியர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். மலிவான மாத்திரை. அதற்கு முன் இந்தக் கட்டிகளுக்கு ஸ்டீரொய்ட் கொடுத்துப் பிள்ளைகளை வதைத்தார்கள்.

அப்படியானால் முன்கூட்டிக் கண்டு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கையில் இந்தக் கேள்விக்குத் தனிக் கூர்மை இருக்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்கும் கருவைக் கலைக்க இடம் தருவதில்லை. கருவில் கடும் குறைபாடு இருந்தால் இடமளிக்கலாம் என்று 2017இல் எழுந்த முயற்சியும் மத அமைப்புகளின் எதிர்ப்பில் அப்படியே நின்றுபோனது. அந்தச் சட்டம் சரியா தவறா என்பது இன்னொரு நாளைய சண்டை. ஈரல் கட்டியைப் பொறுத்தவரை கலைப்பதா வேண்டாமா என்பதைவிட எங்கே பிரசவம் என்பதே பெரிய கேள்வி. பெரிய கட்டியோடு உள்ள சிசு சாதாரணப் பிரசவத்தில் நசுங்கினால் கட்டி கிழிந்து இரத்தம் கொட்டலாம். சத்திரசிகிச்சையில் எடுப்பதா, சிசுவுக்கு இரத்தம் ஏற்ற ஆயத்தம் உண்டா, பக்கத்திலேயே சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கிறாரா என்று முன்பே முடிவுசெய்ய ஒரு மாத அவகாசம் கிடைக்கிறது. பேராதனையில் போதனா வைத்தியசாலையும் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் அருகருகே இருக்கின்றன. அங்கே பிறக்க வேண்டிய பிள்ளை பாதி வழியில், பஸ்ஸிலோ அம்புலன்சிலோ பிறந்துவிடக்கூடாது.

இரத்தப் பரிசோதனை பற்றியும் சொல்ல வேண்டும்; அதில் ஒரு பொறி இருக்கிறது. ஆல்பா ஃபீட்டோ புரதம் என்பது கருவின் ஈரல் சுரக்கும் பொருள். 1963இல் மொஸ்கோவில் கரி அபெலெவ், ஈரல் கட்டி வந்த எலிகளின் இரத்தத்தில் இந்தக் கருக்காலப் புரதம் திரும்பத் தோன்றுவதைக் கண்டார். இன்று ஹெப்பட்டோபிளாஸ்டோமா வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இது ஏறியிருக்கிறது. சிகிச்சை கேட்கிறதா என்று அறியவும் இதையே பார்க்கிறார்கள். ஆனால் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது மில்லிலீற்றருக்குப் பல்லாயிரம் நானோகிராம் இருக்கும். இறங்கிப் பெரியவர்களின் அளவுக்கு வர ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். இரண்டு மாதப் பிள்ளையின் அறிக்கையில் பெரியவர்களுக்கான இயல்பு அளவை அச்சிட்டு, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு அழும் பெற்றோரை யார் தேற்றுவது? தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்து இதைத் தாமாகவே செய்துபார்க்கப் போகிறவர்கள் போகாமலிருப்பதே நல்லது. முதலில் கை, பிறகு ஸ்கேன், அதில் ஏதாவது தெரிந்தால்தான் இந்த இரத்தம்.

யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதற்கு உறுதியான விடை இருக்கிறது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்து, மாதம் நிறையும் முன்பே பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்து வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிறக்கும்போதே நாக்கு பெரிதாகத் தொங்குவது, தொப்புளில் பிதுக்கம், உடம்பின் ஒரு பாதி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது ஆகியவை பெக்வித் வீடமன் என்ற பிறவி நிலையின் குறிகள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதல் சில ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்பது பல நாடுகளில் உள்ள நடைமுறை. குடலில் சதை முளைகள் பரம்பரையாக வரும் குடும்பத்துப் பிள்ளைகளும் இந்த வரிசையில் சேருவார்கள்.

தோட்டங்களில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நகரத்தையும் கிராமத்தையும்விட அதிகம். வளரும்போதும் அந்த வித்தியாசம் தெரிகிறது: 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம், தோட்டத்துறையில் ஏறத்தாழ 32. இரண்டேகால் கிலோவில் பிறந்த தோட்டப் பிள்ளைக்கெல்லாம் ஈரல் கட்டி வரும் என்று இதைத் திரித்துவிடக்கூடாது. ஆபத்து, மிகச் சிறிதாகப் பிறந்து பிழைத்தவர்களுக்கே. முன்பெல்லாம் அவர்கள் பிழைப்பதேயில்லை. இப்போது பிழைக்கிறார்கள்; நமது வைத்தியசாலைகளின் வெற்றி அது. பிழைத்த பிள்ளையைத் தோட்டத்துக்கு அனுப்பும்போது "இந்தப் பிள்ளையின் வயிற்றை நாலு வயதுவரை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி அனுப்ப ஒரு பேனை போதும். அந்த வரி தமிழில் இருக்க வேண்டும். சிங்களத்தில் எழுதிய குறிப்பை வாசிக்க மாஸ்டர் வீட்டுக்கு ஓடுகிற தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். தமிழ் பேசும் குடும்ப நல உத்தியோகத்தர்கள் போதாது என்ற முறைப்பாடு, மலையகம் தனது இருநூறாவது ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்த பிறகும் அப்படியே கிடக்கிறது.

கட்டி என்று தெரிந்துவிட்டது. இனி எவ்வளவு வேகம்? பிரித்தானியாவின் வழிகாட்டல் இதில் ஒளிவுமறைவற்றது: பிள்ளையின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ, காரணம் தெரியாமல் உறுப்பு வீங்கியிருந்தாலோ 48 மணி நேரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும். நம்மிடம் அதற்கான கட்டடங்கள் இல்லாமல் இல்லை. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி பிரதமர் மோடி வந்து திறந்துவைத்தார். நோர்வூட்டில் திரண்ட கூட்டத்தை யாரும் மறந்திருக்க முடியாது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை புதிதாக எழுந்து நிற்கிறது. 1990 என்று அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வருகிறது. தோட்ட மருந்தகத்திலிருந்து பிரதேச வைத்தியசாலை, அங்கிருந்து ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து மாவட்டம், அங்கிருந்து கண்டி, கடைசியில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை என்று ஒவ்வொரு படியிலும் "அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வாங்க" என்று துண்டு எழுதிக் கொடுப்பதுதான் நம்மைக் கொல்கிறது. ஐந்து படி, ஐந்து செவ்வாய்க்கிழமை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையைச் சரித்து வீதிகளை அறுத்ததுபோல ஒன்று நடந்தால் செவ்வாய்க்கிழமைகளுக்குக் கணக்கே இல்லை.

நேரத்தோடு போய்ச் சேர்ந்த பிள்ளைக்கு மருத்துவம் நல்ல செய்தி வைத்திருக்கிறது. சாதாரண ஆபத்து நிலையில் உள்ள ஹெப்பட்டோபிளாஸ்டோமாவுக்குச் சிஸ்பிளாட்டின் என்ற ஒரே மருந்தைக் கொடுத்து, பிறகு சத்திரசிகிச்சை செய்த ஐரோப்பியக் குழுவின் ஆய்வு 2009இல் வெளிவந்தது. மூன்று ஆண்டு கழித்து 95 சதவீதப் பிள்ளைகள் உயிரோடிருந்தார்கள். விலை உயர்ந்த புதுமருந்து அல்ல, பழைய மருந்து. வெட்டியது போக மிச்ச ஈரல் மீண்டும் வளர்ந்துகொள்ளும். மருந்தால் காது மந்தமாகும் ஆபத்து இருந்தது. சோடியம் தயோசல்பேற்றை ஆறு மணி நேரம் கழித்து ஏற்றினால் அந்தக் கேடு 63 சதவீதத்திலிருந்து 33க்கு இறங்குகிறது என்று 2018இல் காட்டினார்கள். ஈரல் முழுவதும் பரவி வெட்ட முடியாதபோது மாற்று ஈரல். மயிலாடுதுறைப் பக்கம் பிறந்த முகமது ரேலா, 1997இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் மாற்றியவர். 1998இல் டெல்லியில், இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுவர் ஈரல் மாற்றைப் பெற்றது காஞ்சிபுரத்திலிருந்து போன இருபது மாதப் பிள்ளை. பித்தக்குழாய் அடைப்போடு பிறந்த அவர் இன்று வைத்தியர். ராகமையிலும் ஈரல் மாற்று நடக்கிறது. நுரையீரலுக்குப் பரவிய பிறகு போய்ச் சேர்ந்தால் இந்த எண்கள் எல்லாம் மளமளவென்று கீழே இறங்கும்.

அந்தச் சிஸ்பிளாட்டின் ஆய்வில் மருந்து பதினான்கு நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை. இதைப் பொகவந்தலாவைத் தாயின் கணக்கில் எழுதிப் பாருங்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் மருந்து இலவசம். 2022 நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததும் உண்மை, இருந்தாலும் இலவசம். ஹட்டனிலிருந்து மட்டும் கொழும்புக்கு நூற்று முப்பது கிலோமீற்றர் அளவில். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் இறங்க வேண்டும். பஸ் காசு, சாப்பாடு, தங்குவதற்குத் துணை. அவள் கொழுந்துக்குப் போகாத நாளுக்குப் பேர், அதாவது நாட்கூலி, இல்லை. போய், நிர்ணயித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபா, 2024இல் 1350 என்று ஏறியது பெரிய போராட்டத்தால். ஆனால் அது வேலைக்குப் போன நாளுக்கு. பிள்ளையோடு வைத்தியசாலையில் இருந்த நாளுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. வீட்டில் மற்றப் பிள்ளைகள். இரண்டு தடவை மருந்து ஏறியதும் கட்டி சுருங்கி, பிள்ளை சிரித்து விளையாடத் தொடங்கும். "இனி சரியாப் போச்சு" என்று மூன்றாம் தடவைக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சையைப் பாதியில் விடுவதுதான் ஏழை நாடுகளில் சிறுவர் புற்றுநோய்ச் சாவுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. இதை அறியாமை என்று எழுதும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேர் போகிறது, வீட்டில் அரிசி இல்லை. இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

ஆகவே தோட்டக் கம்பனிகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளையின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணை போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நாட்களுக்கு முழுப் பேர் போடுங்கள். மூன்று முதல் ஆறு ஆண்டுக்கு ஒரு பிள்ளை என்று மேலே கண்ட கணக்கை நினைவில் வையுங்கள்; எல்லாச் சிறுவர் புற்றுகளையும் சேர்த்தாலும் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சில பத்துக் குடும்பங்கள்தான். துரைமார் பங்களாவின் தோட்ட வேலைச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சு மேசைக்கு இதைக் கொண்டுபோகட்டும். சந்தாவில் ஒரு பங்கையாவது மஹரகமவில் தங்கவேண்டிய குடும்பங்களுக்கு எடுத்துவைக்கட்டும்.

சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்பது இன்னும் சிறியது. குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கு வேலை அதிகம், இன்னொன்றையும் ஏற்றாதீர்கள் என்ற ஆட்சேபம் வரும், வரவேண்டியதும்தான். ஒருவர் மலையேறி இறங்கிப் பார்க்கும் லயங்களின் எண்ணிக்கை எனக்குத் தெரியாததல்ல. வயிறு பார்க்கும் வேலையை அவர் தலையில் மட்டும் கட்ட வேண்டாம். கிளினிக்குக்கு வரும் சுகாதார வைத்திய அதிகாரி பார்க்கட்டும். ஒன்பது மாதம், ஒன்றரை வயது, மூன்று வயது என்ற மூன்று சந்திப்பில் மட்டுமாவது பார்க்கட்டும். சந்தேகம் வந்தால் துண்டு எழுதாமல் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ தொலைபேசி எடுத்து, அந்த வாரமே ஸ்கேனுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கட்டும். ஸ்கேனோடு ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை. அதில் சோகையும், குருதிச் சிறுதட்டுக்கள் வழக்கத்துக்கு மாறாக ஏறியும் இருந்தால் அதுவும் ஒரு குறிதான், எந்த ஆதார வைத்தியசாலையிலும் தெரியக்கூடியது. பிள்ளைக் காம்பரா ஆயாமாரைக் கூட்டி அரை நாள் பயிற்சி கொடுக்கட்டும். உடுப்பு மாற்றுகிறவர்கள் அவர்கள்தான். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஆயாமாருக்கு ஏற்கெனவே பயிற்சி நடத்துகிறது, புதிதாக மண்டபம் தேட வேண்டியதில்லை.

கிளினிக் அறையில் ஒரு ஹீட்டரும் வைக்கச் சொல்லுங்கள். கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்வதற்கு முன் அறை சூடாக இருக்க வேண்டும்.